வராதவர்களை எண்ணுகிறவர்

அன்றைக்குக் கூட்டத்துக்கு, காலையில் வேலையாட்களை எண்ணும் பெரட்டுக் களத்துக்கு வந்திருந்தவர்கள்: மேல் லயத்தில் நாற்பத்து நான்கு வீட்டார், கீழ் லயத்தில் இருபது வீட்டார். தலைவர் லாரி ஓட்டும் மாணிக்கம் அண்ணன். செயலாளர் நான். வராதவர்கள்: தங்கச்சி கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்த மருதை வீடு, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெரியவரைச் சேர்த்திருந்த ஒரு வீடு, மாணிக்கம் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாததால் வராத ஒரு வீடு, எதற்குமே வராத இன்னொரு வீடு. ஆக நான்கு. கூட்டக் குறிப்பு நோட்டில் இத்தனையும் காரணத்தோடு எழுதினேன். வராதவர்களைக் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் சட்டவிதியிலேயே இருந்தது. அந்த விதியை எழுதவைத்தவரை மட்டும் எழுத மறந்துபோனேன்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கொட்டாயக்கா என்றால்தான் தெரியும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் கொட்டாய் அவர் பொறுப்பில் இருந்தது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஆளைப் பார்த்தால் ஐம்பத்தைந்து, குரலைக் கேட்டால் முப்பது.

கொட்டாயின் குறுக்கு உத்திரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாரோங் துணித் தொட்டில். ஒரு பிள்ளைக்கு ஒரு கொக்கி, அது மாறாது. பனி விலகாத காலையில் முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பெண்கள் வந்து இறக்கிவிட்டு ஓடுவார்கள். அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்து, வந்தது இத்தனை என்று சொல்ல மாட்டார். "செல்லம்மா மகன் வரல. பாக்கியம் பொண்ணு வரல" என்பார். வராத பிள்ளையின் தொட்டிலை அவிழ்க்கவும் மாட்டார். என்ன காரணம் என்று தெரியும்வரை அது வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். மத்தியானத்துக்குள் தகவல் வராவிட்டால், பெரிய பிள்ளைகளிடம் சின்னதுகளை ஒப்படைத்துவிட்டு லயத்துக்கே போய்க் கதவைத் தட்டுவார். இப்படிப் போனதில் ஒருமுறை, பாட்டியிடம் விட்டுப்போன குழந்தை காய்ச்சலில் இழுத்துக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கியா பார்மிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

புதிதாக வந்த துரை ஒரு நாள் கொட்டாயைப் பார்வையிட வந்தார். நான் அப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. மொழிபெயர்க்க என்னையும் அழைத்திருந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்று துரை கேட்டார். அக்கா, வராத இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்றின் தாய் ரிங்லெட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று. வந்திருக்கும் பிள்ளைகளைச் சொன்னால் போதும் என்றார் துரை. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வந்த பிள்ளைங்கள அவரே கண்ணால பாக்குறாரு. வராததத்தானே நான் சொல்லணும்" என்றார் அக்கா.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. முப்பத்தொன்று என்று மட்டும் சொன்னேன். துரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

'எல்லாரும்' என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லித் தப்பித்தவர் கிடையாது. திருவிழாவில் எல்லாரும் சாப்பிட்டாச்சு என்று யாராவது சொன்னால், "எல்லாருமா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். மாட்டுக்கொட்டகைக் கிழவரைக் கூப்பிடவில்லை என்பது தெரிந்துபோகும். அவர் வந்து உட்காரும்வரை அக்காவின் இலை காலியாகவே இருக்கும். இந்தக் குணம் எல்லா இடத்திலும் நன்மையாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாண வீட்டில், வீட்டைவிட்டுப் போய் வேறு இடத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த மூத்த மகனைப் பற்றி, "பெரியவன் எங்க, சொல்லலியா?" என்று மணமேடைக்குப் பக்கத்திலேயே கேட்டுவிட்டார். பெண்ணின் தாய் அழுதுகொண்டே சமையல் பக்கம் போய்விட்டாள். ஒரு வருஷம் அந்த வீட்டில் யாரும் அக்காவோடு பேசவில்லை. ஆனால் அந்த வீட்டுக் குழந்தை ஒரு நாள் வராதபோது அக்கா போய்க் கதவைத் தட்டத்தான் செய்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சூளைக்கு விறகு போட்டார். அம்மா கொழுந்து. ஈப்போவில் ஆறாம் படிவம் முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணம் சேர்க்கலாம் என்று தோட்டத்துக்கே திரும்பி வந்திருந்தேன். பள்ளியில் அரசியலமைப்பு ஒரு பாடம். எனக்கு அது பாடத்தோடு நிற்காமல் பைத்தியமாகிவிட்டது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன். பல நாடுகளின் அரசியலமைப்பும் ஊராட்சி முறைகளும் அதில் இருந்தன. மத்தியானக் கொழுந்தை நிறுத்து முடித்ததும் அந்தப் புத்தகத்தோடு பிள்ளைக் கொட்டாய்க்குப் போய்விடுவேன். பால் காய்ச்சும் அடுப்பு அங்கே இருந்ததுதான் முதல் காரணம். மலைக்குளிரில் வேலை நேரத்தில் கதகதப்பாக உட்கார வேறு இடம் கிடையாது. பிள்ளைகள் தூங்கும் நேரம் அது. அக்கா இரண்டு கையால் இரண்டு தொட்டிலையும், கால் விரலில் கட்டிய கயிற்றால் மூன்றாவது தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருப்பார். என்ன படிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டார். சொன்னேன். அதிலிருந்து தினமும் ஒரு நாடு ஆனது.

சுவிட்சர்லாந்தை நான் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். "மலை நாடுக்கா. நம்ம ஊரு மாதிரியே குளிரு. அங்க சில எடத்துல சட்டம் போடணும்னா, எல்லாரும் மைதானத்துல வந்து நின்னு கையத் தூக்குவாங்க."

"எல்லாருமா?"

புத்தகத்தைப் புரட்டினேன். ஆண்கள் மட்டும் என்றிருந்தது. நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, அந்த மைதானங்களில் சிலவற்றில்தான் இன்னும் வரவில்லை என்று பத்திரிகையில் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அவங்க மைதானத்துல நிக்கிறப்ப பிள்ளைங்கள யாரு பாத்துக்கிட்டா?"

அது புத்தகத்தில் இல்லை.

இந்தியாவின் அரசியலமைப்பில் நாற்பதாவது விதி, கிராமப் பஞ்சாயத்துகளை அரசு அமைக்க வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு அக்கா சந்தோஷப்பட்டார். ஆனால் அமைக்காவிட்டால் அந்த விதியைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போக முடியாது, அது அரசுக்குச் சொன்ன வழிகாட்டுதல் மட்டும்தான் என்றேன். "பிள்ளைக்குப் பால் குடுக்கணும்னு எழுதி வெச்சிட்டு, குடுக்கலன்னா கேக்கக் கூடாதுன்னும் எழுதி வெச்சிருக்காங்களா" என்றார். தான்சானியா அவருக்குப் பிடித்திருந்தது. அங்கே பத்து வீட்டுக்கு ஒருவரைத் தலைவராகப் பொறுக்குகிறார்கள் என்றதும் கீழ் லயத்துக்கு இரண்டு பேர் என்று உடனே கணக்குப் போட்டார். பத்து வீடு என்றால் யார் வரவில்லை என்பது ஒருவருக்கொருவர் தெரியும், அது நல்ல அளவு என்பது அவர் கருத்து.

நம் நாட்டுக்கு வந்தபோதுதான் எனக்குத் தடுமாறியது. உள்ளாட்சி என்பது மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. மலாய்க்காரர்களின் கம்போங்குக்குத் தலைவரும் கமிட்டியும் உண்டு. சீனர்களின் புதுக்கிராமத்துக்கும் கமிட்டி உண்டு. தோட்டமோ கம்பெனியின் சொந்த நிலம், அதனால் அந்த வரிசையில் வராது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நம்ம எங்க இருக்கோம்?"

"நாட்டுக்குள்ள இருக்கோம்க்கா. ஊருன்னு ஒண்ணுக்குள்ள இல்ல."

"பிள்ளை இருக்கு, கொக்கி இல்லங்கிற" என்றார்.

அவருக்கு அந்த நாட்டுக்குள்ளும் முழு இடம் கிடையாது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. தெரியாமல் இல்லை. கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். பிறந்ததற்குக் காகிதம் இல்லை. அடையாள அட்டை சிவப்பு. எங்கள் தோட்டத்தில் சிவப்பு அட்டைக்காரர்கள் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். இங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம், ஓட்டுப் போட முடியாது. அக்கா அந்த அட்டையைக் காலிப் பால்மாவு டின்னில் வைத்திருந்தார். பொதுத்தேர்தல் அன்று தோட்டத்துக்கு லீவு. கட்சிக் கொடி கட்டிய லாரிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்குத்தான் கொட்டாய் நிரம்பி வழியும். தாய்மார் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை பிள்ளைகளை அக்காதான் வைத்திருப்பார்.

இனி ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ் லயத்து இருபது வீடும் ஓடைக்கு அந்தப் பக்கம். கடப்பதற்கு இரண்டு மரத்தண்டுகள் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அதில் பாசி ஏறி வழுக்கும். இருட்டு பிரியாத நேரத்தில் பிள்ளையைச் சுமந்துகொண்டு அதில் நடக்க வேண்டும். மழை பெய்த காலைகளில் அக்கா கொட்டாயை விட்டு இறங்கி வந்து, சாரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார். தண்டின் மேல் வரும் தாய் பிள்ளையைக் குனிந்து கொடுக்க, இவர் வாங்கி இந்தப் பக்கம் ஏற்றிவிடுவார். பாலம் கேட்டு ஆபீசுக்குப் போனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த வருஷம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

மாணிக்கம் அண்ணன்தான் வழி கண்டுபிடித்து வந்தார். கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றப் போகும்போது, அங்கே சிமெண்டில் புதிதாக ஒரு சின்னப் பாலம் நிற்பதைப் பார்த்திருக்கிறார். கிராமங்களுக்கென்று ஒரு நிதி இருக்கிறதாம். கமிட்டி வைத்திருந்தால் கேட்கலாமாம். "நமக்குத் திருவிழாக் கமிட்டிய விட்டா என்ன இருக்கு? கிராணித் தம்பி, நீதான் நாலு நாட்டுச் சட்டம் படிச்சிருக்கியே, நமக்கு ஒண்ணு எழுதுலா" என்றார்.

மூன்று வாரம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. பத்து வீட்டுக்கு ஒரு பிரதிநிதி. கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் வந்திருக்க வேண்டும். வராதவர்களைக் காரணத்தோடு எழுத வேண்டும்; இது அக்கா முன்பே சொல்லி எழுதவைத்தது. நான்காவது விதி: அட்டையின் நிறம் எதுவானாலும், லயத்தில் குடியிருக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் உறுப்பினர். அக்காவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒன்று குறைகிறது என்றார்.

"ஒரு பிள்ளையோட தொட்டில அவுக்கணும்னா, அந்தத் தாய் எதிர்ல இருக்கணும். அத எழுது."

நான் அதைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றினேன். பதினொன்றாவது விதி: ஓர் உறுப்பினருக்கு உள்ள உரிமையை நீக்கும் தீர்மானம், அந்த உறுப்பினர் நேரில் இல்லாத கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டால் செல்லாது. எழுதிவிட்டு, என் தடித்த புத்தகத்தில்கூட இப்படி ஒன்று இல்லையே என்று பூரித்துப்போனேன்.

காகிதங்களோடு நானும் மாணிக்கம் அண்ணனும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். எங்களுக்கும் தேநீர் வரவழைத்து, எல்லா விதியையும் பொறுமையாகப் படித்தார். நான்காவதில் பென்சிலால் கோடு போட்டார். உறுப்பினர் என்றால் குடிமக்களாக இருக்க வேண்டும். இதை மாற்றிக் கொண்டுவந்தால் இந்த மாதமே மேலே அனுப்புகிறேன். மாதம் முடிந்தால் நிதியும் முடிந்துவிடும் என்றார். பதினொன்றாவதைப் படித்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் கூட்டம் வைத்தோம். கொழுந்து பொங்கும் பருவம். மூன்று மணி வரை இரட்டைச் சம்பளத்துக்கு வேலை. வேலை முடிந்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர மாட்டார்கள், வீடுகளின் எண்ணிக்கை தேறாது. அதனால் காலையிலேயே கொட்டாய்க்குப் போய், கூட்டம் முடியும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"பாலத்துக்குத்தானே? வெச்சிக்கிறேன். எல்லாரும் போவட்டும்" என்றார்.

பாலத்துக்குத்தான் என்றேன். நான்காவது விதியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல மறந்தேனா, சொல்லாமல் விட்டேனா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை.

கூட்டம் அரை மணியில் முடிந்தது. முதலில் பாலத்தை வாங்குவோம், அப்புறம் ஆட்களைச் சேர்த்துக்கொள்வோம் என்றார் மாணிக்கம் அண்ணன். பெயர் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். சிவப்பு அட்டைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். அவருக்குக் கீழ் லயத்தில் நான்கு பேரப்பிள்ளைகள். "எங்க பேரு காகிதத்துல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. பாலம் வரட்டும்லா" என்றார். கைதட்டினார்கள். ஒரு கைகூட எதிராக எழவில்லை. ஏகமனதாக என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டாயில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். நான்காவது விதியையும் சொன்னேன், வேகமாக. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு வரல?"

நான்கு வீட்டையும் காரணத்தோடு படித்தேன்.

"மத்தவங்க எல்லாருமா?"

"எல்லாரும்தான்க்கா. செவப்பு அட்டைக்காரங்ககூட..." என்று ஆரம்பித்து, மனத்துக்குள் தலைகளை எண்ணினேன். இருபத்து மூன்றில் இருபத்து இரண்டு. அக்கா வீட்டிலிருந்து தங்கச்சி மகள் வந்திருந்ததால் வீட்டுக் கணக்கில் குறை தெரியவில்லை. அவருடைய கால் விரலில் இருந்த கயிறு நின்றிருந்தது.

"நம்ம எழுதினோமே, தொட்டில் சமாச்சாரம். அது எத்தனாவது?"

"பதினொண்ணு."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு தொட்டில் ஆடத் தொடங்கியது. நான் கெஞ்சினேன். இப்போது சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோட்டில் எழுதிக்கொள்கிறேன், மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றேன்.

"நீ கேட்டா நான் எதுக்கும் சரின்னுடுவேன் தம்பி. அதனால இங்க கேக்காத. அங்க கேளு."

கூட்டம் செல்லாது என்று மாணிக்கம் அண்ணனிடம் சொன்னபோது, படித்த பயல் கையில் நோட்டைக் கொடுத்தது நம் தப்பு என்று லாரியில் சாய்ந்தபடியே திட்டினார். யாருக்கும் தெரியாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்றும் சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. ஆனால் விதியை எழுதிய கை என்னுடையது.

இரண்டாவது கூட்டம் புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைக் கொட்டாயிலேயே நடந்தது. வேறு இடத்தில் வைத்தால் அக்கா வர முடியாது. தொட்டில்களை விலக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேர் வாசலில், தூறலில். அக்கா அடுப்புப் பக்கம் நின்றார். அவர் இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளை இருந்தது.

"எனக்குப் பாலம் வேணும். தண்ணியில நிக்கிறது நான்தான். பேரும் வேணும். ரெண்டும் கெடைக்காதுன்னா, எதுன்னு நீங்க சொல்லுங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

நான்காவது விதியை மாற்றச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் மாணிக்கம் அண்ணன். சொல்லிவிட்டு அவரே முதலில் தூக்கினார். அக்காவைப் பார்த்துத்தான் தூக்கினார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவரும் தூக்கினார். நான் கீழ் லயத்துப் பாக்கியத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முதலில் எழுந்த கை பாக்கியத்துடையது. இப்போது மகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் விரல்களைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் தொட்டில் அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. இரண்டு முறை எண்ணினேன். ஏழு கைகள்.

அக்கா வெற்றி பெற்றவர் மாதிரி இல்லை. அந்த ஏழு பேர் பெயரையும் எழுதிக்கொள், அவர்கள் நேருக்கு நேர் சொன்னவர்கள் என்றார். பிறகு, இன்றைக்கு யார் வரவில்லை என்று கேட்டார்.

மாதம் முடிந்ததும், நான்காவது விதி மாறாத காகிதங்கள் திரும்பி வந்தன. அந்த நிதி வேறு ஏதோ ஊருக்குப் போயிருக்கும். அங்கேயும் பிள்ளைகள் ஓடையைக் கடக்கிறார்கள்தானே என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் சங்கம் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. இன்றைக்கும் அது ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை பாக்கியம் தண்டின் நடுவில் வழுக்கினாள். தண்ணீரில் நின்ற அக்கா தாயைப் பிடித்துவிட்டார்; பிள்ளை கை நழுவிப் பாறையில் விழுந்தது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிவு. மாணிக்கம் அண்ணன்தான் லாரியில் கொண்டுபோனார். திரும்பி வந்து, கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த என் முன்னால் நின்றார். "கட்டுப் போட்டது டாக்டர்லா. ஒன்னோட பதினொண்ணாவது விதி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரம் அந்தப் பிள்ளையின் தொட்டில் காலியாகத் தொங்கியது. காரணம் தெரிந்தும் அக்கா அதை அவிழ்க்கவில்லை. எத்தனை நாடுகள் பாக்கி இருந்தாலும் புத்தகத்தைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. சும்மா போய் அடுப்புப் பக்கம் உட்காருவேன். ஒரு நாள் அந்தத் தொட்டிலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் சரின்னு சொல்லியிருக்கணுமா தம்பி?"

அவர் கேள்வி கேட்டு நான் எவ்வளவோ முறை விழித்திருக்கிறேன். பதில் வேண்டும் என்று அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். இன்றைக்கும், ஆமாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கட்டுப்போட்ட கை நினைவுக்கு வருகிறது.

நான்கு வருஷம் கழித்து அந்தக் கொட்டாயை மூடிவிட்டு, பிள்ளைகளைப் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் கொட்டாயோடு சேர்த்தார்கள். அக்கா தங்கச்சி மகளோடு லெம்பா பெர்த்தாம் பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். போன வருஷம் பார்க்கப் போனேன். அட்டை சிவப்பாகவே இருக்கிறது. கீரை கட்டிக்கொண்டிருந்தவர், பழைய பிள்ளைகளை வரிசையாகக் கேட்டார், கொக்கி வரிசையில். ஒன்றைக்கூட விடவில்லை.

அந்தப் பிள்ளையின் கை முறிந்த பிறகும், பாலம் கேட்டு நாங்கள் மறுபடி எங்கும் போகவில்லை. பாக்கியம்தான் ஆரம்பித்தாள். கைக்கட்டு அவிழ்த்த பிள்ளையைக் கொட்டாயில் விட வந்த அன்றைக்கு, நாமே போட்டுக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டாள். தொழிற்சாலைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய தள்ளுவண்டித் தண்டவாளங்களைத் துரை சும்மா கொடுத்தார். அதைக் கேட்டு வாங்கியவர் மாணிக்கம் அண்ணன். லாரியும் அவருடைய முதலாளியிடம் கெஞ்சி வாங்கியதுதான். பிரிஞ்சாங்கில் சிமெண்ட் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டைச் சம்பளத்தை விட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். அக்கா பிள்ளைகளை ஓடைக்கரைக்கே கொண்டுவந்து மரத்தில் தொட்டில் கட்டிவிட்டார். மேல் லயத்துக்காரர்கள் ஓடையைக் கடப்பதே இல்லை, அவர்களும் சமமாகத் தர வேண்டுமா என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் எல்லா வீடும் ஒரே தொகை என்று முடிவானது. சிவப்பு அட்டை வீடும் அதே தொகைதான். கையைத் தூக்கிய ஏழு பேரும் கொடுத்தார்கள். எதற்குமே வராத அந்த ஒரு வீட்டுக்காரரும் ஒரு நாள் நிறுக்கும் இடத்துக்கு வந்து பணத்தை வைத்துவிட்டுப் போனார்.

அக்கா பால்மாவு டின்னைத் திறந்து, அட்டையை ஒதுக்கிவிட்டு, சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். எல்லாரும் கொடுத்தாச்சுக்கா என்றேன்.

"எல்லாருமா?"

நோட்டை விரித்து, ஒவ்வொரு வீடாகப் படித்துக்காட்டினேன். அறுபத்தெட்டு வீடு. அன்றைக்கு அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

சிமெண்ட், மணல், கம்பி, பலகை, இரும்பு ஒட்டியவன் கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு வெள்ளி. ஒரு வீட்டுக்கு ஐந்து நாள் கொழுந்துக் கூலி: முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.